காளான்களுக்குப் பெயர் சூட்டிய பெருமகன் எலியாஸ் பிரீஸ்

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், வேலியோரத்திலும் உக்கிய மரக்குற்றிகளிலும் காளான்கள் முளைத்து நிற்பதைப் பெற்றோராகிய நம்மிற் பலர் சிறுவயதிற் கண்டிருப்போம். குடை போன்றிருந்தமையால் அவற்றை நாய்க்குடை என்று அழைத்தோம். கறிக்கு ஆகும் என்று பாட்டி சொன்னவற்றை மட்டும் பறித்து வந்தோம். அதற்கு மேல் அவற்றுக்கு வேறு பெயர் உண்டா என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும் அருகருகே முளைக்கும் இரண்டு காளான்களில் ஒன்று பசியைத் தீர்க்கும். மற்றொன்று உயிரைப் போக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும்வரை அந்த வேறுபாடு ஒருவர் பட்டறிந்த அளவிலேயே நின்றுவிடும். அடுத்தவருக்குப் போய்ச் சேராது. உலகிலுள்ள காளான்களை வேறுபிரித்து, வகுத்து, எந்நாட்டவரும் விளங்கிக்கொள்ளும் பெயர்களைச் சூட்டும் பணிக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்த ஒருவரின் வரலாற்றையே மாணவச் செல்வங்கள் இங்கு படிக்கப் போகிறீர்கள்.

மதகுருவின் மகன்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் ஸ்மோலாந்து என்னும் மாநிலம் உள்ளது. காடுகளும் ஏரிகளும் கற்பாறைகளும் நிறைந்த, வளம் குறைந்த நிலம் அது. அங்குள்ள பெம்ஷோ என்னும் சிற்றூரில் 1794 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் எலியாஸ் மக்னஸ் பிரீஸ் பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் மதகுரு. செடிகொடிகளில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், மகனை வயல்வெளிகளுக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தார்.

அத்துடன் தந்தையார் மற்றொரு காரியத்தையும் செய்தார். மகனோடு இலத்தீன் மொழியிலேயே பேசினார். அதனால் சுவீடிஷ் மொழியைச் சரிவரப் பேசுவதற்கு முன்னரே பிரீஸ் இலத்தீன் பேசப் பழகிவிட்டார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அந்தச் சிற்றூரில் தந்தையாரைத் தவிர வேறு எவருடன் அச்சிறுவன் அம்மொழியைப் பேசியிருக்க முடியும்? கடைத்தெருவிலும் வயலிலும் அதனால் எப்பயனும் இல்லை. ஆயினும் அக்காலத்தில் ஐரோப்பாவின் தாவர நூல்கள் பெரும்பாலும் இலத்தீனிலேயே எழுதப்பட்டன. வீட்டில் தந்தையின் வாயிலிருந்து கேட்டுக் கற்ற மொழி, பின்னர் அந்த நூல்களையெல்லாம் திறக்கும் திறவுகோலாயிற்று.

எரிந்த காட்டிற் கண்ட பவளம்

பிரீஸுக்கு விளையாட்டுத் தோழர்கள் அதிகம் இருக்கவில்லை. மலர்களும் செடிகளுமே அவருக்குத் தோழர்களாயின. 1806 ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், காட்டு ஸ்ட்ரோபெரிப் பழங்களைப் பறிப்பதற்காகத் தாயாருடன் அவர் காட்டுக்குச் சென்றார். அக்காட்டின் ஒரு பகுதி முன்னொரு காலத்தில் தீயில் எரிந்து போயிருந்தது. அங்கே பட்ட மரமொன்றில், வெண்ணிறப் பவளக்கொடி போல் கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் சின்னஞ்சிறு பற்கள் தொங்கும் பெரியதொரு காளான் வளர்ந்திருந்தது. குடையோ காம்போ இல்லாத அந்த விந்தையைக் கண்ட சிறுவன் வியந்து நின்றான். அது என்ன, அதன் பெயர் என்ன என்ற வினா அவன் மனத்தில் எழுந்தது. அன்று எழுந்த அந்த வினாவே தம்மைக் காளான் ஆய்வுக்கு இழுத்துவந்ததாகப் பிற்காலத்தில் பிரீஸ் நினைவுகூர்ந்தார்.

பூக்கும் தாவரங்களுக்கு அவரிடம் நூல் இருந்தது. காளான்களைப் பொறுத்தவரையில் அந்நூல் மிகக் குறைவாகவே உதவியது. பெயர் தெரியாதவற்றை அவர் விட்டுவிடவில்லை. பார்த்தவற்றை எழுதிவைத்தார். நூலிற் பெயர் கிடைக்காதவற்றுக்குத் தாமே தற்காலிகப் பெயர்களைச் சூட்டிக்கொண்டார். 1811 ஆம் ஆண்டில் வெக்ஷோ நகரப் பள்ளிப்படிப்பை முடித்தபோது 300 முதல் 400 வரையான காளான் வகைகளை அவர் வேறுபிரித்து அறிந்திருந்தார். அவற்றுட் பலவற்றின் பெயர்கள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவை. பிறருக்குத் தெரியாத பெயரால் அறிவு பரவாது என்பதை அந்த இளைஞர் விரைவிலேயே உணர்ந்துகொண்டார்.

ஒழுங்கின்றிக் கிடந்த உலகம்

பிரீஸ் பிறந்த அதே ஸ்மோலாந்தில், 1707 ஆம் ஆண்டில், மற்றொரு மதகுருவின் மகனாகப் பிறந்தவர் கார்ல் லினேயஸ். அவரும் வெக்ஷோவிற் படித்தவர்; லுண்ட், உப்சாலா பல்கலைக்கழகங்களிற் பயின்றவர். ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான இலத்தீன் பெயரை இடும் முறையை நிலைநாட்டியவர் அவரே. நமக்கு முதற்பெயரும் குடும்பப் பெயரும் இருப்பதுபோல, முதற்சொல் அவ்வுயிரின் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் அதன் இனத்தையும் குறிக்கும். தாவரங்களுக்கு அம்முறையிற் பெயரிட்ட அவருடைய பெருநூல் 1753 இல் வெளிவந்தது.

ஆனால், பூக்களின் உறுப்புகளை எண்ணித் தாவரங்களை வகுத்த லினேயஸ், பூவே இல்லாத காளான்களின் முன் திகைத்துப்போனார். அடியில் ஏடுகள் போன்ற மடல்கள் கொண்ட காளான்கள் அனைத்தையும் ஒரே பேரினத்துக்குள் அடக்கினார். காளான்களின் நுண்ணிய வித்திகள் நீரிற் புழுக்களைப் போல் உயிர்பெற்று நீந்துகின்றன என்ற ஒருவரின் தவறான கூற்றை நம்பி, 1767 இல் குழப்பம் எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட ஒரு பிரிவில் அவற்றைச் சேர்த்தார். பெரியோர் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பும் பொறுப்பு அடுத்த தலைமுறைக்கு உரியது. அதனை முதலிற் பெருமளவில் ஏற்றவர், தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்திற் பிறந்து ஐரோப்பாவில் வாழ்ந்த பெர்சூன் என்னும் அறிஞர். 1801 இல் அவர் எழுதிய நூல் காளான் வகுப்புமுறைக்கு முதல் உறுதியான படியாக அமைந்தது.

1811 இல் லுண்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பிரீஸ், ரெட்சியஸ், அகார்ட் ஆகிய ஆசிரியர்களிடம் பயின்றார். அங்கேதான் பெர்சூனின் நூல் அவர் கைக்கு எட்டியது. தாம் தனிமையில் இட்ட பெயர்களை அந்நூலிலுள்ள பெயர்களோடு ஒப்பிட்டார். பெயர் உள்ளவற்றை ஏற்றார். பெயர் இல்லாதவற்றைக் குறித்துக்கொண்டார். 1814 இல் பட்டம் பெற்று அங்கேயே கற்பிக்கவும் தொடங்கினார். 1815 இல் காளான்களைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். இருபத்தாறாவது வயதில், 1821 இல், அவருடைய பெரும்படைப்பான காளான்களின் வகுப்புமுறை நூலின் முதற்பகுதி வெளிவந்தது. மூன்று பகுதிகளும் நிறைவுற 1832 ஆம் ஆண்டாயிற்று.

வித்தியின் நிறம்

பிரீஸ் கையாண்ட முறையை மாணவர்கள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். கடையில் வாங்கிய, நன்கு விரிந்த காளான் ஒன்றின் காம்பை வெட்டிவிட்டு, குடையின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தாளின்மேல் வைத்து, கிண்ணமொன்றால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால், மடல்களின் வடிவம் கோலமிட்டதுபோல் தாளிற் பதிந்திருக்கும். அந்தத் தூளே வித்திகள். விதையிலிருந்து செடி தோன்றுவதுபோல வித்தியிலிருந்து காளான் தோன்றுகிறது. கடைகளில் மிகுதியாக விற்கப்படும் வட்டக் காளானின் வித்தி கடுங்கபில நிறமாக இருக்கும்.

வெயிலிலும் மழையிலும் குடையின் நிறம் மாறும். வயதுக்கேற்ப வடிவம் மாறும். ஆனால் வித்தியின் நிறம் அவ்வளவு எளிதில் மாறாது. ஆதலால் மடலுள்ள எண்ணற்ற காளான்களை வித்தியின் நிறத்தைக் கொண்டு பிரீஸ் பிரித்தார். வெள்ளை, இளஞ்சிவப்பு, துருநிறம், ஊதா கலந்த கபிலம், கறுப்பு என்னும் ஐந்து நிறப் பிரிவுகள் அவருடைய முறையில் உருவாயின. மடல் காம்போடு ஒட்டியுள்ளதா, காம்பைச் சுற்றி வளையம் உண்டா, அடியில் உறை உண்டா என்பவற்றை அடுத்தடுத்துப் பார்த்து மேலும் நுணுக்கமாக வகுத்தார். இதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை கூரிய கண், சிறிய கைவில்லை, மறவாத நினைவு ஆகிய மூன்றுமே.

இம்முறையின் பயன் உயிரோடு தொடர்புடையது. நம் நாடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வைக்கோலில் வளர்த்து உண்ணப்படும் வைக்கோற் காளானின் வித்தி இளஞ்சிவப்பு நிறமானது. அதனைப் போன்ற தோற்றமும் அடியில் உறையும் கொண்ட கொடிய நச்சுக் காளான் ஒன்று ஐரோப்பாவில் ஓக் மரங்களின் கீழ் முளைக்கிறது. வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கூடப் பரவியுள்ளது. அதன் வித்தி வெள்ளை. ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர் சிலர், ஊரில் உண்ட வைக்கோற் காளான் என்று எண்ணி இதனைப் பறித்துச் சமைத்து உயிரிழந்திருக்கின்றனர். சமைத்தாலும் அந்நஞ்சு அழியாது. உண்டு பல மணி நேரம் கழிந்த பின்னரே நோயின் அறிகுறி தோன்றும். ஈரலைத் தாக்கும் அக்காளானை 1821 ஆம் ஆண்டு நூலில் வெள்ளை வித்திப் பிரிவில் வைத்துப் பதிவு செய்திருந்தார் பிரீஸ். வித்தியின் நிறம் ஒன்றை மட்டும் நம்பிக் காட்டுக் காளானை உண்ணலாம் என்பது இதன் பொருளன்று. ஊரிற் பாட்டி காட்டிய அடையாளம் புதிய மண்ணில் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதால், துறை அறிந்தவர் காட்டாத காளானைப் பறித்து உண்ணாதிருப்பதே அறிவுடைமை.

கந்தரெல்லும் உலக்கையும்

பிரீஸ் பெயரிட்ட முறைக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சுவீடன் மக்கள் விரும்பி உண்ணும் காளான் கந்தரெல். முட்டைக் கருவின் மஞ்சள் நிறமும் மெல்லிய பழமணமும் உடையது. லினேயஸ் 1753 இல் இதனையும் மடலுள்ள மற்றக் காளான்களோடு சேர்த்துவிட்டார். உற்றுநோக்கினால், கந்தரெல்லின் அடிப்பக்கத்தில் இருப்பவை தனித்தனி ஏடுகள் அல்ல என்பது விளங்கும். அவை தோலிலே எழுந்த மடிப்புகள். காம்பின்மீது இறங்கிக் கிளைத்துச் செல்பவை. அதனால் அதனைத் தனியே பிரிக்க வேண்டும் என்று வேறு சிலரும் முன்னரே கருதியிருந்தனர். 1821 இல் பிரீஸ் அதற்குக் கந்தரெல்லஸ் சிபேரியஸ் என்னும் பெயரை நிலைநாட்டினார். முதற்சொல் கிண்ணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இரண்டாஞ்சொல் உணவுக்கு உரியது என்று பொருள்படும். வடிவத்தையும் பயனையும் இரு சொற்களில் அடக்கிய அப்பெயரே இன்றும் வழங்குகிறது.

இந்தியாவோடு தொடர்புடைய மற்றொரு பெயரும் உண்டு. வறண்ட நிலங்களிற் கறையான் புற்றுகளை அண்டி, விரியாத நீண்ட தலையோடு நிமிர்ந்து நிற்கும் ஒருவகைக் காளான் உள்ளது. இந்தியாவிற் கிடைத்த அதனை 1771 இல் லினேயஸ் வேறொரு பேரினத்திற் சேர்த்துப் பெயரிட்டார். பெயரின் இரண்டாஞ்சொல் இலத்தீனில் உலக்கை என்னும் பொருளைத் தரும் சொல்லிலிருந்து பிறந்தது. 1829 இல் பிரீஸ் அதனைப் பொடாக்சிஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றினார். ஆனால் உலக்கை என்ற சொல்லை அவர் மாற்றவில்லை. இன்றும் அதன் பெயர் பொடாக்சிஸ் பிஸ்டிலாரிஸ். வகுப்பு மாறினாலும் முன்னோர் இட்ட சொல்லைப் பேணுவது பெயரிடும் கலையின் அறமாகும்.

உப்சாலாவில்

1834 இல் உப்சாலாப் பல்கலைக்கழகம் பிரீஸைப் பேராசிரியராக அழைத்தது. லினேயஸ் கற்பித்த அதே நகரில் அவர் தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1836 முதல் 1838 வரையில் வெளிவந்த நூலில் தம் பழைய வகுப்புமுறையைத் தாமே திருத்தி அமைத்தார். வெயிலிற் காய்ந்து சுருங்கிப் பின் மழைபட்டவுடன் மீண்டும் விரியும் சிறு காளான்களைத் தனிப் பேரினமாக்கி, வாடுதல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லால் மராஸ்மியஸ் என்று பெயரிட்டவரும் அவரே.

வீட்டில் முதலில் இலத்தீன் கற்ற அவர் நாட்டு மொழியைப் புறக்கணிக்கவில்லை. தாவரங்களைப் பற்றிப் பொதுமக்களுக்காகச் சுவீடிஷ் மொழியிற் சுவைபட எழுதினார். அம்மொழியைப் பேணும் சுவீடிஷ் கல்விக்கழகம் 1847 இல் அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. அக்காலச் சுவீடனின் எளிய மக்கள் காளான் உண்பதிற் பெரிதும் நாட்டங்கொள்ளவில்லை. உண்ணத்தக்கவற்றையும் நஞ்சுள்ளவற்றையும் வண்ணப் படங்களோடு காட்டும் நூலை 1860களில் அவர்களுக்காக வெளியிட்டார். 1874 இல், எண்பது வயதை எட்டும் வேளையில், ஐரோப்பியக் காளான்களைப் பற்றிய தம் இறுதிப் பெருநூலைத் தந்தார். 1878 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் நாள் உப்சாலாவிற் காலமானார். அவர் முற்றாக வெளியிடாது விட்டுச்சென்ற படத்தொகுதியைப் புதல்வர்கள் நிறைவு செய்தனர்.

நுணுக்குக்காட்டியின் தீர்ப்பு

பெரியோரின் வாழ்க்கையை எழுதும்போது அவர்கள் தவறியதையும் சொல்வதே முறை. பிரீஸின் காலத்திலேயே நுணுக்குக்காட்டி பெரிதும் திருந்திவிட்டது. 1837 இல் பிரெஞ்சு அறிஞர் லெவெயே, மடல்களின் மேல் வித்திகளைத் தாங்கி நிற்கும் நுண்ணிய உறுப்புகளைத் தெளிவாக விளக்கினார். காளான் ஆய்வில் புதியதொரு கதவு திறந்தது. பிரீஸோ கண்ணுக்கும் கைவில்லைக்கும் புலப்படும் அடையாளங்களைக் கொண்டே வகுக்கவேண்டும் என்ற தம் கொள்கையை விட்டகலவில்லை. அதனால், புறத்தோற்றத்தில் ஒத்தவை உறவால் வேறாக இருக்கலாம் என்பதை அவருடைய முறை பல இடங்களிற் காணத் தவறியது.

அவருடைய பெரும்பிரிவுகள் பல பின்னாளிற் கலைக்கப்பட்டன. தாவரவியலின் ஒரு மூலையில் வைத்து ஆராயப்பட்ட காளான்கள் தாவரங்களே அல்ல, தனியோர் உயிர் உலகம் என்பதும் 20 ஆம் நூற்றாண்டில் உறுதியாயிற்று. மரபணு ஆய்வு வந்தபின் மேலும் வியப்பான உறவுகள் வெளிப்பட்டன. எரிந்த காட்டில் அவர் கண்ட பவளக் காளானைப் பற்களுள்ள மற்றக் காளான்களோடு அவர் சேர்த்திருந்தார். அதன் நெருங்கிய உறவினருள், ரஸ்ஸூலா என்னும் மடலுள்ள குடைக்காளான்கள் அடங்கும் என்பது இன்று தெரிகிறது. தம் வாழ்வின் முதற் காளானையே அவர் சரியான இடத்தில் வைத்திருக்கவில்லை. மறுபுறம், மற்ற மடற்காளான்களிலிருந்து கந்தரெல்லைப் பிரித்து வைத்தது சரியே என்பதையும் அதே மரபணு ஆய்வு மெய்ப்பித்துள்ளது.

அவ்வாறாயின் எஞ்சியது யாது? பெயர்கள் எஞ்சின. 1910 இல் பிரசெல்ஸ் நகரிற் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு, பெரும்பாலான காளான்களின் பெயர்களுக்குப் பிரீஸின் பெருநூலையே தொடக்கமாகக் கொள்ளவேண்டும் என்று விதித்தது. 1981 இல் சிட்னி மாநாடு அத்தொடக்கத்தை லினேயஸின் 1753 ஆம் ஆண்டுக்கு மாற்றியது. அப்போதும், பெர்சூனும் பிரீஸும் தம் நூல்களில் ஏற்றுக்கொண்ட பெயர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வழங்கியது. வகுப்புமுறை ஒருவர் கட்டிய வீடு. பின்வருவோர் அதனை இடித்துத் திருத்திக் கட்டலாம். உற்றுநோக்கி உண்மையாகப் பதிந்து இட்ட பெயரோ அவ்வீட்டுக்கு அடியிலுள்ள கல். அதனை எடுத்து எறிந்துவிட எவரும் துணியவில்லை.

மாணவச் செல்வங்களே, வார இறுதியில் மற்றப் பிள்ளைகள் விளையாடும் வேளையில் நீங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறீர்கள். வெளியே பேசப்படாத மொழியை எதற்காகக் கற்கிறோம் என்ற எண்ணம் உங்களுக்கு எழுவது இயல்பே. பெம்ஷோவின் சிறுவனுக்கும் அந்த எண்ணம் எழுந்திருக்கக்கூடும். தந்தை வீட்டிற் பேசிய மொழியே அவருக்கு உலகின் நூல்களைத் திறந்து தந்தது. நாட்டின் மொழியும் அவர் கையில் வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. பெற்றோர்களே, அடுத்தமுறை பிள்ளைகளோடு பூங்காவில் நடக்கும்போது ஈரமரத்தடியில் ஒரு காளான் தென்பட்டால், அதனைப் பறிக்காமல், குனிந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் நிறம் என்ன, காம்பு எத்தகையது, அடிப்பக்கத்தில் மடல் உண்டா, மடிப்பு உண்டா, பல் உண்டா என்று தமிழிலே கேளுங்கள். பிள்ளை தமிழிலே விடை சொல்லட்டும். பெயர் பிறகு வரும். முதலில் வேண்டுவது பார்க்கும் கண்ணும் பார்த்ததைச் சொல்லும் மொழியுமே.